ஏட்டை எழுதியவரே சொன்னார்

தாம் எழுதிய ஏடு பழையதாகிவிட்டது என்று, எழுதியவரே வாய்திறந்து சொல்லக் கேட்டதுண்டா, தோழர்களே? 1928-ஆம் ஆண்டு சென்னையிலே அது நடந்தது. சொன்னவர் ஜெர்மானியப் பேரறிஞர் சோமர்ஃபெல்ட். கேட்டவர் மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர். பதினெட்டை ஒட்டிய வயது. அணுவின் அமைப்பைப் பற்றிச் சோமர்ஃபெல்ட் தீட்டிய நூலைக் கற்றுத் தேர்ந்த பெருமிதத்தோடு அவரைக் காணச் சென்றார். கிடைத்த விடை, அந்த இயற்பியல் மாறிவிட்டது என்பதே! தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் தந்தனுப்பினார் அந்தப் பெருந்தகை.

மாறியது என்ன? ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதுபோல் அணுக்கருவை எலெக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்ற படம் சரிந்தது. எலெக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த வெளியே ஆர்பிட்டால் என்றாயிற்று. 1925-இல் பௌலி வகுத்த விதியின்படி, ஓர் ஆர்பிட்டாலில் இரண்டே எலெக்ட்ரான்கள். அவையும் எதிரெதிர்ச் சுழற்சி உடையவை. மூன்றாவது வந்தால் மேலே போகவேண்டியதுதான். ஆற்றல் குறைந்த இடமே முதலில் நிரம்பும். சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்கள் பல இருப்பின், ஒவ்வொன்றிலும் ஒன்று அமர்ந்த பின்னரே இணை சேரும். நத்தத்திலிருந்து திண்டுக்கல் புறப்படும் பேருந்திலே, ஆளில்லாத இருக்கை இருக்கும்வரை எவர் அடுத்தவரை ஒட்டி அமர்கிறார்?

இதை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மாணவர்கள், குரோமியத்தைக் கண்டதும் திகைக்கிறார்கள். 4எஸ்-இல் இரண்டு, 3டி-இல் நான்கு என எதிர்பார்த்தால், ஒன்றும் ஐந்துமாக அமர்ந்திருக்கிறது! அவ்விரு நிலைகளின் ஆற்றல் மிக நெருங்கியது; எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதும் கணக்கில் சேரும். பாடநூலின் வரிசை நல்ல வழிகாட்டி, வேதமன்று.

பௌலியின் விதி அணுவோடு நிற்கவில்லை. அணுக்கள் நொறுங்கிக் கிடக்கும் வெண்குறுமீனிலும் கீழ்நிலைகள் நிரம்பிவிட, எஞ்சிய எலெக்ட்ரான்கள் உயர்நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த நெருக்கடி தரும் அழுத்தமே விண்மீனைச் சரியாமல் தாங்குகிறது. அதற்கும் எல்லை உண்டு, ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குமேல் தாங்காது என்பதே சந்திரசேகர் கண்ட முடிவு. 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலே தொடங்கிய கணக்கு அது.

1935 சனவரியில், இலண்டன் வானியல் கழகத்தின் கூட்டத்திலே எடிங்டன் எழுந்து அதை எள்ளி நகையாடினார். நிலைத்து நிற்கும் பிழை எதையும் அவர் காட்டவில்லை. விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளல் ஆகாது என்பதே வாதம். புகழ் பேசிற்று, அவை சிரித்தது! சென்னையிலே தம் நூலையே ஒதுக்கிவைத்தாரே சோமர்ஃபெல்ட், அந்த நெஞ்சம் இங்கே இல்லை.

1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73. எடிங்டன் மறைந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.