டாக்டர் பால் பிராண்டும் வலியின் வரலாறும்

நம் கல்லூரி விடுதியில் இரவு பதினொன்றுக்கு மேல் விவாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "கடவுள் நல்லவர்னா வலியை எதுக்குடா படைச்சார்?" இந்தக் கேள்வியைத் தத்துவமாகப் பேசினால் என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்குப் பிடிபடாது. ஆனால் இதை ஆஸ்பத்திரியிலும் பரிசோதனைச்சாலையிலும் வைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். அதுவும் நம் வேலூரில்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் உடனே டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். (சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்!) பிறகுதான் மருத்துவம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார்.

மறு வருடம், டாக்டர் காக்ரேன் நடத்தி வந்த செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், "என் கையை அழுத்துங்க" என்றார். அழுத்திய வேகத்தில் டாக்டருக்கே வலித்துவிட்டது. அப்படியென்றால் தசை சாகவில்லை, அல்லவா? நல்ல தசையின் தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை இதிலிருந்துதான் வளர்ந்தது.

'இந்த நோயில் சதை அழுகி விழும்' என்பது அன்றைய நம்பிக்கை. பாவத்தின் சம்பளம் என்றும் சொன்னார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்தான்; விரல் எலும்புவரை அறுந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு இரவோடு இரவாக விரல் காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தால், எலி கடித்திருக்கிறது! அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். கிருமி நரம்பை மரக்கச் செய்கிறது. மீதி நாசமெல்லாம் வலி தெரியாததால் வருகிறது. காலில் ஆறாத புண்ணுக்கு மருந்தைவிட எம்.சி.ஆர். செருப்பு அதிகம் உதவியது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நடந்ததுதான் நம் ஆட்களுக்கான பகுதி. இழந்த வலிக்குப் பதிலாக ஒரு செயற்கை வலி அமைப்பை உண்டாக்க இன்ஜினியர்களோடு சேர்ந்து முயன்றார். கையுறையில் சென்சார், அழுத்தம் கூடினால் காதில் சத்தம். சென்சார்கள் சீக்கிரமே கெட்டுப்போயின. அதுகூடப் பரவாயில்லை. சத்தம் கேட்டும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை! ஷாக் கொடுத்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். புத்திக்குத் தெரிந்தது மனுஷன் கைக்குப் போய்ச் சேரவில்லை. கண்ட்ரோல் பேனலில் அலாரத்தைப் பிடுங்கிவிட்டு மெஷினை ஓட்டும் ஆபரேட்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அணைக்க முடியாததாக இருப்பதுதான் வலியின் பயன் என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தார். வலி கடவுள் கொடுத்த நன்கொடை என்று 1993-ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து புத்தகமே எழுதினார்.

எனக்கு இது பாதிக் கணக்குதான். எச்சரிக்கை என்றால் வேலை முடிந்ததும் நிற்க வேண்டாமா? முற்றிய புற்றுநோயில் மாதக்கணக்கில் அடிக்கும் அலாரம் யாரை எச்சரிக்கிறது? டிசைன் நன்றாக இருக்கிறது என்பது அந்தக் கட்டிலில் கிடப்பவருக்குப் பதில் ஆகாது. விஞ்ஞானத்தை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க வைப்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பிராண்டின் இன்னொரு பேச்சு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வேலூரில் தொழுநோயாளிகள் கூட்டத்தில் அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சு வேலை செய்த கை, நோயாளியைத் தொட்ட கை, ஆணி அறைந்து மடங்கிய கை. உயிர்த்தெழுந்த பிறகும் அந்தத் தழும்பை அவர் வைத்துக்கொண்டார் என்றார். அதுவரை கைகளைத் துணிக்குள் மறைத்து உட்கார்ந்திருந்தவர்கள், மொட்டையும் கோணலுமான அந்தக் கைகளை வெளியே எடுத்து, உயர்த்திக் கும்பிட்டார்கள்.