ஏழைப் பள்ளிக்கு வந்த பணம்

1965ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஓரறைப் பள்ளியாக இருந்த பழைய கட்டடத்தின் முன் மேசை போட்டு அமர்ந்து, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். நான்கு வயதுச் சிறுவனாக அவர் படித்த பள்ளி அது. அருகே வீற்றிருந்த மூதாட்டி, அவருக்கு முதன்முதல் எழுத்தறிவித்த ஆசிரியை. ஜான்சனும் 1928இல் கோட்டுல்லா என்னும் ஊரில் ஏழை மெக்ஸிகக் குடியினரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர்; காலை உணவின்றி வகுப்பில் அமரும் குழந்தையின் முகத்தை அறிந்தவர்.

அந்நாட்டுப் பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடப்பவை. செல்வர் வாழும் ஊரில் பள்ளியும் செழிக்கும். வறியோர் வாழும் ஊரில் அதுவும் வாடும். கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்று ஒதுங்கியிருந்த மத்திய அரசாங்கம், இச்சட்டத்தின் முதற் பகுதியால், ஏழைக் குழந்தைகளின் தொகையைக் கணக்கிட்டுப் பொருளுதவி செய்ய முன்வந்தது. முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ நூறு கோடி டாலர்!

பணம் உரிய குழந்தையைச் சேர்ந்ததா? இந்த ஐயத்தை அப்போதே எழுப்பியவர் செனட்டர் ராபர்ட் கென்னடி. பலனை அளந்து காட்ட வேண்டும் என்னும் விதி அவர் வற்புறுத்தியதால் சட்டத்தில் சேர்ந்தது. அவர் ஐயம் வீண் போகவில்லை. 1969இல் ரூபி மார்ட்டின், பிலிஸ் மெக்லூர் என்ற இரு பெண்மணிகள் எழுதிய அறிக்கை, பல இடங்களில் அப்பணம் எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுச் செலவிலே கரைந்ததையும், மாநிலங்கள் தாம் தரவேண்டிய தொகைக்கு ஈடாக அதைப் பயன்படுத்திக்கொண்டதையும் வெளிப்படுத்தியது.

கண்காணிக்கத் தக்கவர் யார்? பெற்றோரே. 1974ஆம் ஆண்டுத் திருத்தம், உதவி பெறும் பள்ளிதோறும் பெற்றோர் ஆலோசனைக் குழு வேண்டுமென்று கட்டளையிட்டது. ஆனால் 1981இல், மத்திய அரசின் விதிகளைக் குறைக்கும் நோக்கில், அக்கட்டாயம் நீக்கப்பட்டது. சட்டம் தந்த இருக்கையைச் சட்டமே பறித்துக்கொண்டது! 1988இல் பெற்றோரின் பங்கு மீண்டும் வலியுறுத்தப்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டமோ, ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டம் அதில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் பெற்றோருக்கான பணிக்கு ஒதுக்க வேண்டும் என்றது. பள்ளியும் பெற்றோரும் தத்தம் கடமைகளை எழுதி உடன்படிக்கை செய்துகொள்ளவும் விதித்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றைக் கைவிடவில்லை.

இவ்விதிகளுள் என் உள்ளத்தைத் தொட்டது மிகச் சிறிய ஒன்று. கூட்டத்திற்கு வரும் பெற்றோரின் வண்டிச் செலவுக்கும், அந்நேரம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வோர்க்கும் இந்நிதியிலிருந்து பணம் கொடுக்கலாம் என்பதே அது. இதை வகுத்தவர்கள் ஏழைத் தாயின் ஒரு நாளை அறிந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

நான் அதை அறியாதிருந்தேன். தலைமையாசிரியனாக இருந்தபோது, பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டிவிட்டு, வெறும் நாற்காலிகளைப் பார்த்து, "இவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையில்லை" என்று சலித்துக்கொண்டதுண்டு. நாற்று நடும் பருவம் அது. ஒரு தாய் மறுநாள் வந்து, "வந்தால் அன்றைக் கூலி போய்விடுமே ஐயா" என்றாள். அடுத்த கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தேன். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம்.