தொழிலே சான்றாக: மருத்துவர் கிறீனும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவமும்

வல்வெட்டித்துறைச் சிவன் கோயிலில் இறைவன் வைத்தீசுவரன் என்னும் திருநாமத்தோடு வழிபடப்படுகின்றான். பிணி தீர்ப்போன் இறைவனே என்ற எண்ணம் சைவமரபில் ஆழ வேரூன்றியது. அக்கோயில் எழுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அவ்வூருக்குத் தென்மேற்கே மானிப்பாயில், வேற்றுச் சமயத்தவர் ஒருவர் மருத்துவத்தை இறைபணியாகக் கொண்டு உழைத்தார். சமய நம்பிக்கை வழிபாட்டு நேரத்தோடு முடிவதா, அன்றித் தொழிலின் தரத்திலும் வெளிப்பட வேண்டியதா என்ற வினாவுக்கு யாழ்ப்பாண வரலாறு தரும் விடைகளுள் அவர் வாழ்வு தலையாயது. அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீனின் பணியை மதிப்பிடுமுன் அக்காலச் சூழலை நோக்குதல் வேண்டும். 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிஷன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கி உயர்கல்வி வழங்கிற்று. அங்கு ஆங்கிலம் கற்றோருக்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிட்டியது. இதனால் சமயத்தைத் தழுவுவது நம்பிக்கையாலா, உத்தியோகத்தை நாடியா என்ற ஐயம் எழுந்தது. ஆறுமுக நாவலர் முதலிய சைவர் இக்குறையை வெளிப்படையாகக் கண்டித்தனர். மிஷனின் தலைமைப்பீடமும் இதே ஐயத்துக்கு ஆளாயிற்று. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி சமயப்பணிக்கு ஆட்களைத் தராது உத்தியோகம் தேடுவோரையே பெருக்குகின்றது எனக் கருதினர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. எதிர்த்தோரும் நடத்தியோரும் ஒரே குறையைச் சுட்டினர் என்பது கவனிக்கத்தக்கது. ஊதியத்துக்காக ஏற்கும் சமயம் மெய்ச்சமயமன்று என்பதில் இருசாராரும் உடன்பட்டிருந்தனர்.

கிறீன் 1822இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ நிலையத்தை நிறுவி, உள்ளூர் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் முறையான மேனாட்டு மருத்துவக் கல்வியின் தொடக்கம் இதுவெனலாம். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேயே.

முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். செமினரிக்கு நேர்ந்த சிக்கல் இங்கும் தலைகாட்டிற்று. தேர்ச்சி பெற்ற மாணவர் பலர் அரசாங்க சேவையில் அமர்ந்து வேற்றிடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளியோ மருத்துவனின்றியே இருந்தான். இதற்குக் கிறீன் கண்ட தீர்வு துணிவானது. 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழிற் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான், அவர்கள் மொழியில் நோயைக் கேட்டறிவான், தான் கற்றதைப் பிறர்க்கும் உரைப்பான் என்பது அவர் நம்பிக்கை. அவர் பயிற்றியோர் தொகை அறுபதைத் தாண்டியது.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டும். அவற்றை ஆக்கும் பெருஞ்சுமையைக் கிறீனும் அவர்தம் மாணவரும் ஏற்றனர். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் இம்முயற்சியில் விளைந்தன. இவற்றின் பக்கங்கள் 4000க்கும் மேற்பட்டவை. தமிழில் வழங்கும் சொல் உண்டாயின் அதனையும், இல்லையாயின் வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆள்வது அவர் மேற்கொண்ட முறை. அறுவை மருத்துவத்தில் ஒரு சொல் பிறழின் ஓர் உயிர் போகக்கூடும். ஆதலின் கலைச்சொல்லாக்கம் அவருக்குப் புலமை விளையாட்டன்று. நோயாளிக்குச் செய்யவேண்டிய கடன். நம்பிக்கை தொழிலில் நேர்மையாகப் பரிணமிக்கும் இடம் இதுவே.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். ஆயினும் 1884இல் இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூற்பணியைக் கைவிடவில்லை. அவர் மாணவர் தமிழர்க்குரிய உடையையும் வாழ்க்கை முறையையும் விட்டு ஐரோப்பியராக மாறுதலையும் அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தன்னை இழக்கவேண்டியதில்லை என்ற தெளிவு அக்கால மிஷனரிமார் எல்லோரிடத்தும் காணப்பட்டதன்று.

எனினும் இப்பணியை விமர்சனமின்றிப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. மருத்துவம் மதமாற்றத்துக்கும் வாயிலாகவேண்டும் என்பதே கிறீனின் வெளிப்படையான கருத்து. மருந்து பெற வந்தோர் வேதவாசிப்பையும் செபத்தையும் கேட்கவேண்டியிருந்தது. நோயுற்றோனின் இயலாமையைப் போதனைக்கு வாய்ப்பாக்குதல் முறையோ என்று சைவர் வினவியதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் தம் நோக்கத்தை மறைத்தாரல்லர். மதம் மாறாதார்க்கு மருந்தை மறுத்தாருமல்லர். இவ்விரண்டையும் சேர்த்தே அவரை எடைபோடல் வேண்டும்.

கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நாவலரும் பிறந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர். பின்னர் மிஷனை எதிர்த்து நின்றவர். அவரும் தம் சமயத்தைச் சொல்லோடு நிறுத்தவில்லை. நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். கொள்கையில் எதிரெதிராய் நின்ற இருவரும், நம்பிக்கைக்குச் செயலே சான்று என்பதில் ஒன்றுபடுகின்றனர். தொழில் நேர்மை எச்சமயத்துக்கும் தனியுடைமையன்று. வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து, 1938இல் கிறீன் பிறந்த அதே மசாச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நடுக்கடலில் பலகைகளின் பொருத்தே தச்சனின் நேர்மைக்குச் சாட்சி கூறிற்று.

கிறீன் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தேய்ந்து மறைந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் பயிற்சிமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. உலகளாவிய அறிவோடு தொடர்பு வேண்டுமென்னும் காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கிறீனை வருத்திய வினா இன்றும் தீரவில்லை. மக்கள் பணத்திற் கற்ற கல்வி, மக்கள் மொழியில் அவர்களைச் சென்றடைகின்றதா? கற்றவன் தான் புறப்பட்டுவந்த கிராமத்துக்கு என்ன கடன்பட்டுள்ளான்? மருத்துவர்க்கு மட்டுமன்றி, ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் பொறியியலாளருக்கும் இவ்வினா உரியதே. எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் தம் தொழிலாலேயே இதற்கு விடை எழுதவேண்டியவராவர்.