சுதையும் செம்பும்: சமயபுரம், திருவரங்கம் நீராட்டு மரபுகளும் அமில காரவியலும்

முன்னுரை

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மூலவருக்கு நீராட்டு இல்லை. மூலிகைகள் சேர்ந்த சுதைத் திருமேனி என்பது கோயில் வழக்கு. ஆதலின் அபிஷேகங்கள் உற்சவருக்கே நிகழ்கின்றன. கொள்ளிடத்தின் தென்புறம் திருவரங்கத்திலும் இந்நிலையே. சுதைத் திருமேனியரான பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தப்படுகிறது; திருமஞ்சனம் உலோகத் திருமேனியான நம்பெருமாளுக்கு உரியது. ஒன்று அம்மன் தலம், மற்றொன்று வைணவத் தலம். வழிபாட்டு முறைகளும் வேறு. ஆயினும் விலக்கு ஒன்றே. இவ்வொற்றுமையை வேதியியல் எந்த அளவுக்கு விளக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

சுதை

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. எஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்து நீறுகிறது. நீற்றுச் சுண்ணாம்பு வன்மையான காரம். பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கல்லாகத் தொடங்கிய பொருள் கல்லாகவே முடிகிறது.

இறுகிய சுதை தூய நீரை ஓரளவு தாங்கும், புளிப்பைத் தாங்காது. தயிரிலுள்ள லாக்டிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் கார்பனேட்டைச் சிதைத்துக் கரியமில வாயுவைக் குமிழிகளாக வெளியேற்றும். கருங்கல் மூலவருக்கு இவ்வச்சமில்லை. அக்கல்லின் சிலிக்கேட்டுகளை இத்தகைய மென்னமிலங்கள் எளிதில் தீண்டுவதில்லை. தைலக்காப்பின் எண்ணெய்ப் படலமோ சுதையின்மீது ஈரம் படியாமல் காக்கிறது. மாசி இறுதி ஞாயிறு தொடங்கி அம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி இருக்கையில் நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு ஆகியவை நைவேத்தியமாகின்றன. முதல் மூன்றும் பெரிதும் சிறிதுமாகப் புளிப்புத்தன்மை உடையவை. அவை படைக்கப்படுகின்றனவே அன்றி மூலவர்மீது சொரியப்படுவதில்லை, சொரியப்படுவது மலரே.

பொன்னும் பெயர்ச்சியும்

சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர் 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளரின் தமிழகத் தலைநகராக விளங்கியது. அதனைக் கைப்பற்றிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்தான். ‘பொன்மேய்ந்த பெருமாள்’ என்னும் பெயரும் பெற்றான். வினைத்திற வரிசையின் அடியில் நிற்கும் பொன்னைக் காற்றும் புளிப்பும் அரிக்கமாட்டா. அது அஞ்ச வேண்டியது வாளுக்கே.

அவ்வச்சம் 1323-இல் மெய்யாயிற்று. டெல்லிப் படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியரும் அடியாரும் உற்சவரைத் தெற்கே எடுத்துச் சென்றனர் என்றும், மூலவர் முன் கல்திரை எழுப்பப்பட்டது என்றும் வைணவ மரபு கூறும். உலோகம் பயணப்படும், சுதை பெயர்த்தால் உடையும். விசயநகரத் தளபதி கோபணன் 1371-இல் நம்பெருமாளை மீண்டும் எழுந்தருளுவித்தான். மூலவர், உற்சவர் என்னும் வேறுபாடு பொருளின் இயல்போடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு நீராட்டைவிட இந்நிகழ்ச்சியே வலிய சான்று எனக் கருதுகிறேன்.

செம்பும் களிம்பும்

உற்சவத் திருமேனிகளில் மிகுந்திருப்பது செம்பு. வினைத்திற வரிசையில் அது ஹைட்ரஜனுக்குக் கீழே உள்ளது. துத்தநாகத்தைப் போல நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற அதனால் இயலாது. ஆனால் காற்றின் ஆக்சிஜன் உடனிருந்தால் புளிப்பில் மெல்லக் கரையும். பித்தளைப் பாத்திரத்தில் வைத்த மோர் களிம்பேறிக் கெடுவது இதனாலேயே. அதைத் தடுக்க ஈயம் பூசுவோர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்ப்பர். வெப்பத்தில் அதிலிருந்து பிறக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்சைடுப் படலத்தை அகற்ற, உருகிய வெள்ளீயம் தூய செம்பைப் பற்றிக்கொள்கிறது.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும். களிம்பு செம்புடன் அநாதியே உள்ளது என்பது அவ்வுவமையின் கருத்து. வேதியியலின்படி களிம்பு உலோகத்தினுள் உறைவதன்று. காற்று, ஈரம், புளிப்பு ஆகியவற்றின் கூட்டால் பின்னர் விளைவது. எனினும் துலக்கத் துலக்க மீண்டும் தோன்றும் என்ற கவனிப்பு முற்றிலும் மெய். உவமை வகுத்தோர் விளக்குத் துலக்கும் கைகளை நன்கு கண்டவர்கள்.

எதுவரை?

இவற்றைக் கொண்டு ‘முன்னோர் அமில காரவியல் அறிந்தே விலக்கினர்’ என்று எழுதிவிடுவது எளிது. அத்தகைய கட்டுரைகள் பல வருகின்றன, அவற்றை ஏற்பதற்கில்லை. மூலிகையும் மண்ணும் கலந்த வடிவம் வெறும் நீருக்கே நெகிழும். அதனை நீராட்டாதிருக்க அமில அறிவு தேவையில்லை. மேலும், விதி வேதியியலிலிருந்து பிறந்திருந்தால் செப்புத் திருமேனிக்கும் புளிப்பு விலக்கப்பட்டிருக்க வேண்டும். மாறாகத் தயிரும் எலுமிச்சைச் சாறும் அதன்மீதே சொரியப்படுகின்றன. பின்னர்ப் புளியிட்டுத் துலக்கப்படுகின்றது. புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. வெளிப்பட்ட புதுச் செம்பு மீண்டும் களிம்பேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் சிறிது குறைகிறது. நீண்ட காலம் வழிபாட்டில் உள்ள செப்புத் திருமேனிகள் பலவற்றில் கண், மூக்கு வரைகள் மழுங்கியிருப்பதையும், சிலவற்றில் அவை உளியால் மீண்டும் திறக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அவ்வாறு மீளச் செதுக்கிய முகத்தைக் கொண்டு திருமேனியின் காலத்தைக் கணிப்போர், துலக்கலில் கரைந்துபோன பழைய முகத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டியுள்ளது.