ரீல்ஸும் ஸ்டேட்டஸும்

வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். படம் எடுப்பது, விலை சொல்வது, பார்சல் கட்டுவது எல்லாம் அவர் ஒருவர்தான். வாடிக்கையாளரிடம் போக அவருக்கு இரண்டு வழி: இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப். இரண்டும் மெட்டா நிறுவனத்துடையவை. ஆனால் ஆளைச் சேர்க்கும் விதத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடையானது. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் குறு வீடியோ வசதியான ரீல்ஸ் இங்கே வந்தது. நம்மைப் பின்தொடராதவர் கண்ணிலும் படுவதுதான் அதன் பலம். சுங்குடிக்கு இது பொருத்தமான இடம். சாயத்தில் முக்கிய துணியின் முடிச்சுகளை இழுத்து அவிழ்க்கும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி பூக்கும். பின்னணிப் பாட்டுகூட வேண்டாம், அதைக் காட்டினாலே விரல் நிற்கும். கீழே கேள்வி வரும்: "இது கையால் முடிச்சுப் போட்டதா, அச்சடித்ததா?" 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் பெயரில் அச்சுச் சேலைகளும் விற்கும் சந்தையில், இந்தக் கேள்விக்கு நேர்மையாகச் சொல்லும் பதில் நூறு லைக்குக்கு மேல்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் புதியவரைக் கொண்டுவராது. இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருந்தால்தான் அது தெரியும். 24 மணி நேரத்தில் மறைந்தும்விடும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தியும் நம் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே அங்கே முதல் வேலை பதிவு போடுவதல்ல, பார்சலுக்குள் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைப்பது. பலன் பெரிது. ரீல்ஸ் பார்த்தவர்கள் வெறும் எண்ணிக்கை. ஸ்டேட்டஸ் பார்த்தவர்களோ பெரும்பாலும் பெயரோடு தெரிவார்கள். போன பொங்கலுக்கு அரக்கு நிறம் வாங்கியவர் இன்று பச்சையைப் பார்த்திருக்கிறார் என்பது கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய செய்தி!

ஒரு பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கமெண்ட் கூடட்டும் என்று விலையை மறைத்து, "விலைக்கு கமெண்ட் பண்ணுங்க" என்று போடுகிறார்கள். வேலை முடிந்து பேருந்தில் வருகிற பெண் இரவு ஒன்பது மணிக்குக் கேட்கிறார். பதில் மறுநாள் மதியம் வருகிறது. அதற்குள் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். எண்ணிக்கைக்காக ஆடும் ஆட்டம் நெடுநாள் பலிக்காது: லைக், ஷேர் கேட்டு நச்சரிக்கும் பதிவுகளைப் பின்தள்ளப்போவதாக இதே நிறுவனத்தின் ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

முதல் சேலையை ரீல்ஸ் விற்கும், இரண்டாவதை ஸ்டேட்டஸ் விற்கும். வீட்டுத் தொழில் நிற்பது அந்த இரண்டாவது சேலையில்தான். நாளில் ஒரு மணி நேரமே கிடைக்கிறது என்றால், புது ரீல்ஸை ஒத்திவைத்துவிட்டு நேற்றைய கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வேன். சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் ஒன்று கிடைத்தால், அவரிடம் அனுமதி கேட்டு இன்ஸ்டாகிராமில் போடலாம். அவர் தயங்கினால் முகம் தெரியாமல், முந்தானை மட்டும்.