முன்னிலையும் தன்மைப் பன்மையும்: ஒபதியாவுக்கு மைமோனிதஸ் எழுதிய மடல்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்த ரபி மைமோனிதஸிடம் (1138-1204) யூத சமயச் சட்டம் பற்றிய ஐயங்கள் பல ஊர்களிலிருந்தும் எழுத்து வடிவில் வந்தன. வினா எழுதப்பட்ட தாளிலேயே எஞ்சிய இடத்தில் விடையெழுதி ஒப்பமிடுவது அக்கால வழக்கு. அவர் கைப்பட எழுதிய இத்தகைய தாள்கள் சில கெய்ரோ கெனிசாவில் கிடைத்துள்ளன. அவற்றின் மொழி பெரும்பாலும் அரபு, எழுத்து எபிரேயம். ஒபதியா என்பாருக்கு அவர் எழுதிய மடலோ எபிரேய மொழியிலேயே அமைந்து, நகல்கள் வழியே வழங்கி வருகிறது.

ஒபதியா பிறப்பால் யூதரல்லர், அச்சமயத்தைத் தழுவியவர். வேண்டுதலில் வரும் 'எங்கள் முன்னோரின் கடவுள்' என்னும் தொடரைத் தாம் சொல்லலாமா என்பது அவர்தம் வினா. மிஷ்னா இதற்கு இடந்தரவில்லை. சமயம் தழுவியவர் தனித்து வேண்டுங்கால் 'இஸ்ரயேலின் முன்னோர்' என்றும், தொழுகைக் கூடத்தில் 'உங்கள் முன்னோர்' என்றும் மாற்றிச் சொல்லவேண்டும் என அது விதிக்கிறது. அவ்வாறாயின், தாம் அயலார் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் அவை நடுவே தம் வாயாலேயே அறிவித்தாக வேண்டும்.

மைமோனிதஸ் இவ்விதியை ஏற்கவில்லை. எருசலேம் தால்மூதில் ரபி யூதா பெயரால் வரும் மாற்றுக் கருத்தையே அவர் பின்பற்றினார். ஆபிரகாம் பல இனத்தாருக்குத் தந்தை ஆதலின், அவர் வழியில் சேர்ந்தோர் அனைவருக்கும் அவரே தந்தை. எனவே எதனையும் மாற்ற வேண்டுவதில்லை என்பது அவர் தீர்ப்பு. எகிப்திலிருந்து 'எங்களை' மீட்டவர் என்னுமிடத்தில் மட்டும், விரும்பினால் 'இஸ்ரயேலை' என மாற்றலாம்; மாற்றாவிடினும் குற்றமில்லை என்றார். முன்னோர் உறவு ஏற்பதால் வருவது, வரலாற்று நிகழ்ச்சி அவ்வாறன்று என்னும் நுண்ணிய வேறுபாடு இங்குப் புலனாகிறது.

எபிரேயத்தின் 'நூ' என்னும் தன்மைப் பன்மை விகுதி முன்னிலையாரை உளப்படுத்துவதையும் உளப்படுத்தாமையையும் வேறுபடுத்துவதில்லை. தமிழில் பெயர்ப்பவர் 'நம்', 'எங்கள்' இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒபதியாவைச் சேர்த்துக்கொள்ள 'நம்' பொருந்தும் எனத் தோன்றலாம், அது பிழை. வேண்டுதலின் முன்னிலை கடவுள். 'நம் முன்னோர்' என்றால் கடவுளுக்கும் முன்னோர் உண்டென்றாகும். 'எங்கள்' என்பதே இலக்கணத்துக்கு ஏற்றது. ஒபதியாவின் சிக்கல் முன்னிலையைப் பற்றியதன்று. பேசுவோர் தொகுதியில் தாமும் ஒருவரா என்பதே.

மடலின் மற்றோரிடம் இதனினும் கடினமானது. நம்பிக்கையுள் வந்துவிட்ட ஒபதியாவுக்கும் பிறப்பால் யூதரானவர்களுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை என்கிறார் மைமோனிதஸ். இங்கு ஒபதியாவே முன்னிலை. ஆகவே 'எங்களுக்கும் உமக்கும்' என்றே பெயர்க்க வேண்டியுள்ளது. வேறுபாட்டை மறுக்கும் தொடரில், கேட்பவரை விலக்கும் வடிவத்தையே தமிழ் வேண்டுகிறது.