கொழுந்துக் கூடையும் பாடற்காட்சியும்

தமிழ்ப் பாடற்காட்சிகளுக்கும் தேயிலை மலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இன்று மலையும் மேகமும் போதாமல், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும் அதிற் சேர்ந்துகொண்டுள்ளது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மீது, வெளுத்த மேனியும் அவிழ்ந்த கூந்தலுமாக ஒரு நாயகி நடந்து வருவாள். அவளது நடையில் தன்னம்பிக்கை இருக்கும். ஒளிப்பதிவாளர் அதற்காகவே உழைத்திருப்பார். தூரத்துச் சரிவிலே கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் பச்சைக்கிடையே வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். ஊவாத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து இந்தக் காட்சியைப் பார்க்கும் பெண்பிள்ளை, தன்னை நாயகியிடம் காண்பாளா, புள்ளியிடம் காண்பாளா?

இந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. அது சினிமாவுக்கும் முந்தியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய வணிக முழக்கம். அதை வாங்குவோர் நம்பவேண்டுமானால் தோட்டம் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆகவே கூடை சுமந்த தமிழ்ப்பெண் பிரித்தானியப் பத்திரிகை விளம்பரங்களில் இடம்பெற்றாள். கொழும்பிலே அதே காலத்தில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தார் அவளைத் தபால் அட்டையாக்கினர். தமிழ்ப்பெண், கொழுந்து பறிப்பவள் என்பதற்கு மேல் அந்தப் படங்களில் அவளுக்குப் பெயர் இல்லை. இடுப்பிற் கட்டிய படங்கு, மழைக்குப் போர்த்திய கொங்காணி, காலிலே ஏறும் அட்டை, தலையில் கயிறு அழுத்திய தழும்பு ஆகியவை படத்துக்கு உதவாதவை. ஒரே தோட்டத்தில் வேலை செய்யும் ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவளுக்கு 1984இலேதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, தோட்டத்து மக்கள் தாமே படைத்த கலையில் பெண் எங்கே இருந்தாள்? மலையகத்தின் பெருமைக்குரிய காமன் கூத்திலே ரதியாக வேடம் பூண்டவன் ஆண். பெண்ணின் அழகை ஆடிக்காட்டும் உரிமைகூட அவளுக்கு இருக்கவில்லை. ஆனால் குரல் அவளிடம் இருந்தது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, நிரையில் நின்று பாடும் பாட்டு என அந்தக் குரலுக்குப் பல முகங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் படித்தவர்கள், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் அவள் எத்தனை துணிவோடு எள்ளி நகையாடினாள் என்பதை அறிவார்கள். என் மதிப்பீட்டில் மலையகப் பெண்ணின் தன்னம்பிக்கைக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் இதை நன்கு உணர்ந்தவர். கூட்ட மேடைகளில், மக்கள் அறிந்த மெட்டுகளிலே உரிமைப் பாட்டுப் பாடினார். 1940இல் அவற்றை நூலாகவும் அச்சிட்டார். அவர் பாடியபோது அவரது நிறத்தை எவரும் அளந்திருக்கமாட்டார்கள்.

வானொலிக் காலமும் ஏறத்தாழ இப்படித்தான் கழிந்தது. இலங்கை வானொலியிற் பாட்டு வந்தது, முகம் வரவில்லை. 1979இலும் 1982இலும் நாட்டிலே தொலைக்காட்சி நிலையங்கள் தோன்றின. லயத்து அறைகளுக்கு மின்சாரம் மெல்ல வந்து, பின்னர் தகரக் கூரைகளில் செய்மதி வாங்கிகள் முளைத்தபோது, பாட்டுக்கு முகம் கிடைத்தது. அது ஒரே முகம், ஒரே நிறம். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த வெண்மைக் களிம்பின் விளம்பரமும் பாட்டுக்கு இடையிலே வந்தது. அந்தக் களிம்பு தன் பெயரிலிருந்த வெண்மையைக் கைவிட 2020 ஆகவேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத் துயரையே பொருளாகக் கொண்ட பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தபோதும், நாயகிக்குக் கருமை பூசித்தான் தோட்டத் தொழிலாளியாக்க முடிந்தது. கறுத்த பெண் கிடைக்காத தமிழ்நாடா?

விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அந்தப் பாடலை உலகத் தமிழர் அனைவரும் கேட்டிருப்பர். அதன் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர் அவர். அந்தப் பாடற்காட்சியில் அவரே தோன்றுகிறார். 1890களின் விளம்பரத்திலே பெயரற்று நின்றவளின் வழித்தோன்றல், பெயரோடும் சுருக்கத்தோடும் தன் சொந்த நிறத்தோடும் திரையில் அமர்ந்திருப்பதைக் கண்டபோது நான் சற்று நேரம் பேசாதிருந்தேன்.

அவரைப் போன்றோரின் பயணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி, மு. சிவலிங்கத்தின் கதை ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. பதுளை நிலையத்தில் ஏறியவர்கள் இன்று நாயகியர் ஒயிலாக நடக்கும் அதே ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தே தலைமன்னார் நோக்கிச் சென்றார்கள். அறிவின் பாடலில் ஒப்பாரியின் சாயல் கேட்பது தற்செயலன்று.

அதற்குப் பின் நடந்ததும் பதிவுக்குரியது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாடலைப் போற்றியபோது அட்டையில் அறிவைக் காணவில்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தபின் இணையப் பதிப்பில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே பாடல் ஒலித்தது. பாட்டியின் கதைக்குக் கைதட்டுவோர் பேரனுக்கு இருக்கை போட மறந்துவிடுவது நமக்குப் பழகிப்போன காரியம்.

பதுளையில் அந்தப் பாடலுக்கு என்ன விளைவு? நகரிலுள்ள ஒளிப்படக் கலைஞர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பசறை, லுணுகலை, ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய பிள்ளையான சடங்குகளுக்கு அவர்தான் வீடியோ எடுப்பவர். சினிமாப் பாட்டொன்றைப் பின்னணியில் ஓடவிட்டு, பிள்ளையைப் பாலத்துக்கோ அருவிக்கோ அழைத்துச் சென்று நாயகிபோல் நடக்கவைத்து எடுப்பது வழக்கமாம். முகத்தைக் கணினியில் வெளுப்பாக்குவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது; கேளாமலே செய்துவிடுவாராம்.

"இப்போது ஒன்றிரண்டு பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள், ஐயா," என்றார். "அம்மாக்கள்தான் விடுகிறார்கள் இல்லை. 'எங்களைப்போலக் கறுப்பாகத் தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்' என்று கேட்கிறார்கள்."

2024 நவம்பரில் பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேலை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவிலிருந்து சென்ற கிருஷ்ணன் கலைச்செல்வியோடு சேர்த்து, மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்த அவையில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. அந்தச் செய்தியை அவரிடம் நினைவூட்டினேன். வெளுப்பாக்கும் வேலையைத் தொடர்ந்துகொண்டே, அந்தப் பிள்ளைகளின் படங்கள் இரண்டைத் திருத்தாமல் வைத்திருப்பதாகச் சொல்லித் திரையில் காட்டினார். நன்றாகவே இருந்தன.